வானிலையைக் கணக்கிட முனைந்த மனிதர்: லூயிஸ் ரிச்சர்ட்சனும் ஊவா மலைகளும்

கார்த்திகை பிறந்துவிட்டால் ஊவா மலைகளில் வாழும் மக்களின் காதுகள் வானொலிச் செய்தியை விட்டு அகல்வதில்லை. வடகீழ் பருவப்பெயர்ச்சி மழை வலுக்கும் காலம் அது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் ஒன்று உருவாகியிருப்பதாக அறிவிப்பு வரும்போது, கல்குடாவிலும் காத்தான்குடியிலும் மருதமுனையிலும் இருப்பவர்கள் கடலைப் பார்க்கின்றனர். அதே வேளையில் மடுல்சீமையிலும் நமுனுகுலையிலும் பூனாகலையிலும் இருப்பவர்கள் தங்கள் லயத்துக்குப் பின்னால் எழுந்து நிற்கும் மலையைப் பார்க்கின்றனர். கடல் ஊருக்குள் ஏறிவிடுமோ என்பது அவர்களது அச்சம். மலை லயத்தின் மீது இறங்கிவிடுமோ என்பது இவர்களது அச்சம். அச்சங்கள் இரண்டாயினும் அவற்றை விளைவிக்கும் காற்று ஒன்றே.

இவ்வுண்மையை 2025 நவம்பர் மாத இறுதியில் நாம் மிகுந்த விலை கொடுத்து உணர்ந்துகொண்டோம். யேமன் நாடு முன்மொழிந்த டித்வா என்ற பெயரைச் சூடிய சூறாவளி நவம்பர் 28 ஆம் திகதி கிழக்குக் கரை வழியாக நாட்டுக்குள் நுழைந்தது. நாடெங்கும் 600க்கும் அதிகமான உயிர்கள் பறிபோயின. கடலோரத்தில் தொடங்கிய அந்தப் பேரிடரின் கொடூரமான முகத்தை மலைநாடே கண்டது. கண்டி, நுவரெலியா மாவட்டங்களுடன் பதுளை மாவட்டமும் மண்சரிவுகளால் சிதைந்தது.

அத்தகைய புயலொன்று வரும் முன்னரே அதன் பாதை, வேகம், மழையளவு ஆகியவற்றை இன்று ஓரளவு அறிந்துகொள்ள முடிகிறது. வானத்தைப் பார்த்து ஊகிக்கும் அறிவு அதற்குப் போதாது. காற்றையும் கடலையும் எண்களாக மாற்றி, அந்த எண்களைக் கணினிகளில் இட்டு, நாளைய நிலையைக் கணக்கிட்டே எதிர்வுகூறல் தயாராகின்றது. கணினி என்ற இயந்திரமே பிறக்காத காலத்தில், போர்க்களத்தின் ஓரத்தில் அமர்ந்து, அந்தக் கணக்கை முதன்முதலில் முழுமையாகச் செய்ய முயன்று, படுதோல்வியும் அடைந்த ஒரு மனிதரைப் பற்றி நம்மில் பலர் அறிந்திருக்கவில்லை. அவர் பெயர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன். அவருடைய வாழ்வு நமது மலைகளுக்கும் ஒரு செய்தியை விட்டுச் சென்றிருக்கிறது என நாம் கருதுகின்றோம்.

ரிச்சர்ட்சன் 1881 ஒக்டோபர் 11 ஆம் திகதி இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள நியூகாசில் நகரில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் அவரே இளையவர். தந்தையார் தோல் பதனிடும் தொழிலை நடத்தினார். குடும்பத்தினர் குவேக்கர் என அழைக்கப்படும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஆயுதம் ஏந்துவதில்லை என்பது அப்பிரிவினரின் உறுதி. சிறுவயதில் மனதில் பதிந்த அந்த உறுதி பின்னாளில் அவரது தொழிலையே திசைதிருப்பியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயற்கை விஞ்ஞானம் பயின்ற அவர் 1903 ஆம் ஆண்டு முதல்தரத்தில் தேறினார்.

அதன்பின் பத்து ஆண்டுகள் அவர் ஓரிடத்தில் நிலைக்கவில்லை. ஆய்வுகூடம், கல்லூரி, மின்விளக்குத் தொழிற்சாலை எனப் பல இடங்களில் பணியாற்றினார். அவற்றுள் ஒரு பணி நமது கவனத்துக்குரியது. 1906 ஆம் ஆண்டளவில் அவர் கரிச்சேற்று நிலங்களிலிருந்து எரிபொருள் எடுக்கும் நிறுவனமொன்றில் சேர்ந்தார். நீரில் ஊறிக் கிடக்கும் அந்நிலத்தில் எங்கே, எவ்வளவு இடைவெளியில் கான் வெட்டினால் நீர் சரியாக வடியும் என்ற வினா அவர் முன் வைக்கப்பட்டது. மழைக்காலத்துக்கு முன் மலைச்சரிவில் கான் வெட்டுவதும், அடைபட்ட கானைத் துப்புரவு செய்வதும் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் புதிய சங்கதி அல்ல. மண்ணுக்குள் நீர் எப்படி நகர்கிறது என்ற அந்த வினாவே ரிச்சர்ட்சனைப் புதியதொரு கணித வழிக்கு இட்டுச் சென்றது.

அந்த வழி எளிமையானது. இயற்கையின் மாற்றங்கள் தொடர்ச்சியானவை. அவற்றை விவரிக்கும் சமன்பாடுகளைப் பெரும்பாலும் நேரடியாகத் தீர்க்க முடிவதில்லை. ஆகவே நிலத்தையோ நீரையோ சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையேயுள்ள வேறுபாட்டைக் கண்டு, கூட்டல், கழித்தல், பெருக்கல் ஆகியவற்றின் மூலமே விடையை நெருங்க வேண்டும். ஒரு மலைச்சரிவின் சாய்வை அறிய அதனை ஒரே நோக்கில் அளக்க முடியாது. படிக்குப் படி உயர வேறுபாட்டைக் குறித்துக்கொண்டே போனால் முழு மலையின் வடிவமும் தாளில் வந்துவிடும். அதைப் போன்றதே இதுவும். நைல் நதியின் அஸ்வான் அணைக்கட்டுக்குள் ஏற்படும் அழுத்தங்களை இம்முறையால் கணக்கிட்டு 1910 ஆம் ஆண்டு அவர் ஆய்வுரையாக முன்வைத்தார். அதற்கான நீண்ட கணக்குகளைச் செய்தவர்களுக்கு, கொழுந்து நிறுவைக்குக் காசு கொடுப்பதைப் போலக் கணக்கின் அளவுக்கேற்பவே கூலி கொடுத்தார்.

1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. அச்செய்தி வெளியான சில நாட்களிலேயே, ஒலியை அனுப்பி அதன் எதிரொலியைக் கொண்டு எதிரேயுள்ள தடையை அறியும் முறைக்கு ரிச்சர்ட்சன் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். அடுத்த மாதமே நீருக்கடியில் அதனைச் செய்யும் முறைக்கும் விண்ணப்பித்தார். ஆபத்து நிகழ்ந்த பின் அழுவதை விட, அது வருவதை முன்கூட்டியே அறிய வழியுண்டா எனத் தேடும் மனம் அவருடையது.

1913 ஆம் ஆண்டு பிரித்தானிய வானிலை நிறுவனம் அவரை ஸ்கொட்லாந்தின் எஸ்க்டேல்மியூர் அவதானிப்பு நிலையத்தின் பொறுப்பாளராக நியமித்தது. அக்காலத்து எதிர்வுகூறல் முறை அவருக்கு நிறைவளிக்கவில்லை. இன்றைய வானிலை வரைபடத்தைப் போன்ற பழைய வரைபடமொன்றைத் தேடியெடுத்து, அன்று அடுத்த நாள் என்ன நடந்ததோ அதுவே இனியும் நடக்கும் எனக் கொள்வது அம்முறை. ஆனால் வானம் தன்னை ஒருபோதும் அப்படியே திரும்பச் செய்வதில்லை. நோர்வே நாட்டு அறிஞர் வில்ஹெல்ம் பியர்க்னஸ், வானிலை என்பது பௌதிக விதிகளால் தீர்க்கப்பட வேண்டிய கணக்கு என்ற கருத்தை 1904 ஆம் ஆண்டிலேயே முன்வைத்திருந்தார். அந்தக் கணக்கை எண்களைக் கொண்டு செய்து பார்க்க ரிச்சர்ட்சன் துணிந்தார்.

அதற்குள் முதலாம் உலகப் போர் மூண்டுவிட்டது. துப்பாக்கி ஏந்த மறுத்த ரிச்சர்ட்சன் போரிலிருந்து ஒளிந்துகொள்ளவும் இல்லை. 1916 ஆம் ஆண்டு அரச பதவியைத் துறந்து, குவேக்கர்களின் நோயாளர் காவு வண்டிப் படையில் சாரதியாகச் சேர்ந்தார். பிரான்ஸில் பிரெஞ்சுப் படைப்பிரிவொன்றுடன் இணைந்து, குண்டுகள் விழும் பாதைகளில் காயமுற்றோரை ஏற்றி இறக்கினார். ஓய்வு கிடைத்த வேளைகளில், குளிர்ந்த தங்குமிடத்தில் வைக்கோற் குவியலையே மேசையாகக் கொண்டு வானிலைக் கணக்கைத் தொடர்ந்தார்.

1910 மே 20 ஆம் திகதி மத்திய ஐரோப்பாவில் எடுக்கப்பட்ட அளவீடுகளை அவர் தெரிந்தெடுத்தார். வானத்தைச் சதுரங்கப் பலகை போலக் கட்டங்களாகவும், உயரத்தில் ஐந்து அடுக்குகளாகவும் பிரித்தார். ஜெர்மனியின் மியூனிச் நகரை அண்டிய பகுதியில் ஆறு மணித்தியாலங்களில் காற்றமுக்கம் எவ்வளவு மாறியிருக்கும் எனக் கணக்கிட்டார். வாரக்கணக்கான உழைப்பின் பின் கிடைத்த விடை 145 மில்லிபார். அத்தகைய மாற்றம் எந்தப் பெரும் சூறாவளியிலும் ஆறு மணித்தியாலங்களில் நிகழ்வதில்லை. உண்மையில் அன்று அவ்விடத்தில் அமுக்கம் ஏறத்தாழ மாறாமலே இருந்தது. கணக்கு அடியோடு பிழைத்துவிட்டது.

அந்தக் கையெழுத்துப் பிரதியும் 1917 ஆம் ஆண்டுச் சம்பேன் போர்க்களக் குழப்பத்தில் காணாமற் போனது. சில மாதங்களின் பின் பெல்ஜியத்தில் நிலக்கரிக் குவியலொன்றின் அடியில் அது கண்டெடுக்கப்பட்டது. வேறொருவராக இருந்திருந்தால் அந்தத் தோல்வியை அங்கேயே புதைத்திருக்கக்கூடும். ரிச்சர்ட்சனோ 1922 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் தமது முறையை முழுமையாக விளக்கினார். பிழையான விடையையும் மறைக்காமல், எங்கே தவறியிருக்கலாம் என்ற தமது ஐயத்தோடு சேர்த்து அச்சிட்டார். காற்றின் தொடக்க அளவீடுகளில் இருந்த சிறு பிழைகள் உண்மையற்ற வேக அலைகளாகப் பெருகிவிட்டன என்பது பின்னர் தெளிவாயிற்று. பல பத்தாண்டுகள் கழித்து அயர்லாந்து அறிஞர் பீற்றர் லிஞ்ச், அதே அளவீடுகளைச் சீர்செய்து அதே முறையில் கணக்கிட்டபோது ஏற்கத்தக்க விடை கிடைத்தது. ரிச்சர்ட்சனின் வழி சரியானது. அதில் இட்ட எண்களே சீராக இருக்கவில்லை. பிழையை அவர் ஒளித்திருந்தால் அதைத் திருத்த எவருக்கும் வழி இருந்திராது.

அந்த நூலில் அவர் ஒரு கற்பனையையும் எழுதி வைத்தார். உட்புறச் சுவரெங்கும் உலக வரைபடம் தீட்டப்பட்ட உருண்டையான மாபெரும் மண்டபம். அதில் 64,000 பேர் அமர்ந்து, ஒவ்வொருவரும் தமக்குரிய நிலப்பகுதியின் வானிலையைக் கணக்கிடுகின்றனர். நடுவே உயர்ந்த மேடையில் நிற்கும் ஒருவர், முந்திச் செல்வோர் மீது ஒரு நிற ஒளியையும் பின்தங்குவோர் மீது இன்னொரு நிற ஒளியையும் பாய்ச்சி அனைவரையும் ஒரே வேகத்தில் நடத்துகிறார். காலைப் பெரட்டுக்களத்தை அறிந்த நம்மவர்க்கு இக்காட்சி முற்றிலும் அந்நியமானதல்ல. உலகின் வானிலையோடு போட்டியிட்டு முந்திச் செல்ல அத்தனை மனிதர்கள் வேண்டும் என்பது அவரது மதிப்பீடு. அந்த மனிதர்களின் இடத்தை இன்று கணினி பிடித்துக்கொண்டது. கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் அடிப்படை இன்றும் வழக்கில் உள்ளது.

போர் முடிந்து வானிலை நிறுவனத்துக்குத் திரும்பிய அவருக்கு இன்னொரு சோதனை காத்திருந்தது. 1920 ஆம் ஆண்டு அந்த நிறுவனம் விமானப்படை விவகாரங்களைக் கவனிக்கும் அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. தமது அறிவு குண்டு வீசுவோருக்குப் பயன்படுவதை அவரது மனச்சாட்சி ஏற்கவில்லை. தாம் உயிராக நேசித்த பணியை விட்டு விலகினார். காற்றின் சுழற்சி பற்றித் தாம் செய்திருந்த ஆய்வுகள் நச்சு வாயுவைப் பரப்புவதற்கு உதவக்கூடும் என அறிந்தபோது, வெளியிடாத பகுதிகளை அவர் அழித்துவிட்டதாக அவரது மனைவி டொரத்தி பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார். 1926 ஆம் ஆண்டு ரோயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தெரிவானார். எனினும் வாழ்நாளின் எஞ்சிய பகுதியைப் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு வெளியே, லண்டனில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலும், 1929 முதல் ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி நகரத் தொழில்நுட்பக் கல்லூரியின் அதிபராகவுமே கழித்தார்.

அதன்பின் அவரது கவனம் மனிதர்கள் ஏன் ஒருவரையொருவர் கொல்கின்றனர் என்ற வினாவின் பக்கம் திரும்பியது. 1940 ஆம் ஆண்டு பதவியிலிருந்து முன்னதாகவே ஓய்வு பெற்று, போர்களையும் அவற்றில் மாண்டோரின் தொகையையும் திரட்டி ஆராய்ந்தார். எல்லைகளின் நீளத்துக்கும் போருக்கும் தொடர்புண்டா எனத் தேடியபோது ஒரு விந்தையைக் கண்டார். அளவுகோல் சிறிதாகச் சிறிதாக, அளக்கப்படும் கடற்கரையின் நீளம் கூடிக்கொண்டே சென்றது. இந்தக் கண்டுபிடிப்பு அவர் மறைந்த பின்னரே பலரது கவனத்துக்கு வந்து, கணிதத்தில் ஒரு புதிய துறைக்கு வித்திட்டது. போர் பற்றிய அவரது இரு பெருநூல்களும் அவர் மறைந்த பின், 1960 ஆம் ஆண்டிலேயே முறையாக வெளிவந்தன. மூன்று பத்தாண்டுப் போரில் உறவுகளை இழந்த நம் நாட்டவர், தமிழராயினும் முஸ்லிம்களாயினும் சிங்களவராயினும், மாண்டவர்களைத் தரப்புப் பார்க்காமல் எண்ணிய இந்த மனிதரை மதிக்கவே செய்வர்.

1950 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜூல் சார்னி முதலானோர் எனியாக் என்ற கணினியைக் கொண்டு முதலாவது வெற்றிகரமான வானிலைக் கணக்கைச் செய்தனர். 24 மணித்தியால எதிர்வுகூறலைக் கணக்கிட அவர்களுக்கும் ஏறத்தாழ 24 மணித்தியாலங்கள் பிடித்தன. அந்த முடிவுகள் ரிச்சர்ட்சனுக்கு அனுப்பப்பட்டன. முப்பது ஆண்டுகளாகத் தோல்வி எனக் கருதப்பட்ட தமது வழி வென்றதை அறிந்து அவர் மகிழ்ந்தார். 1953 செப்டெம்பர் 30 ஆம் திகதி ஸ்கொட்லாந்தில் அவர் கண்மூடினார்.

அதே 1953 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஜனவரி 31 ஆம் திகதி இரவு, வடகடலில் எழுந்த புயல் கடலை நிலத்தின் மீது ஏற்றியது. நெதர்லாந்தில் 1,800க்கும் அதிகமானோரும் இங்கிலாந்தில் 300க்கும் அதிகமானோரும் மாண்டனர். இப்படிக் கடல் நிலத்தின் மீது ஏறுவதைப் புயல் அலைப்பெருக்கு எனலாம். இது சாதாரண அலையன்று, கடல் மட்டமே உயர்ந்து ஊருக்குள் வருவது. புயலின் நடுவில் காற்றமுக்கம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் உயரும். அது சிறு பங்கே. பெரும் பங்கு கடுங்காற்றினுடையது. காற்று நீரைக் கரை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்க, ஆழங்குறைந்த கடலில் அந்த நீர் திரும்பிச் செல்ல வழியின்றி மேலே எழுகிறது. கரையோரக் கடல் எவ்வளவு தூரம் ஆழமற்றிருக்கிறதோ அவ்வளவுக்குப் பெருக்கு உயரும்.

இந்தப் பெருக்கைக் கணக்கிடும் முறையின் வேரும் ரிச்சர்ட்சனின் நூலில் உண்டு. வானத்தை முழுமையாகக் கணக்கிடும் முன்னர், வாசகருக்குப் பயிற்சியாக, காற்று மண்டலத்தை ஒரே அடுக்கான நீரைப் போலக் கொண்டு அவர் ஓர் எளிய கணக்கைச் செய்து காட்டினார். அந்தச் சமன்பாடுகளின் குடும்பமே ஆழமற்ற கடலுக்கும் பொருந்துகிறது. 1956 ஆம் ஆண்டு ஜெர்மனியின் வால்ட்டர் ஹான்சன், கடலைக் கட்டங்களாகப் பிரித்து, 1953 ஆம் ஆண்டு வடகடல் பெருக்கைக் கணக்கினால் மீட்டுக் காட்டினார். நமது வங்காள விரிகுடாவுக்கு இந்திய வானிலை அறிஞர் பி.கே. தாஸ் 1972 ஆம் ஆண்டு அத்தகைய எதிர்வுகூறல் முறையை வெளியிட்டார்.

அந்தக் கணக்கு எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை நம் கடல் அறியும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் விழுங்கியது. பயணிகளோடு சென்ற ரயில் வண்டியும் அதில் அடித்துச் செல்லப்பட்டது. அந்தப் புயல் நம் வடபகுதியையும் தாக்கியது. 1970 நவம்பர் 12 ஆம் திகதி அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் கடல் ஏறியபோது மாண்டோர் தொகை 3 லட்சத்துக்கும் மேல் என மதிப்பிடப்படுகிறது. 1978 நவம்பர் 23 ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கிழக்கு மக்கள் இன்றும் மறக்கவில்லை.

பின்னர் என்ன மாறியது? 1991 ஆம் ஆண்டு வங்காளதேசத்தில் ஏறத்தாழ 1,38,000 பேரைப் பலிகொண்ட பேரிடரின் பின், 2007 ஆம் ஆண்டு வந்த சிடர் என்ற கடும் சூறாவளியில் மாண்டோர் தொகை ஏறத்தாழ 3,400 ஆகக் குறைந்தது. இந்தியாவின் ஒடிசாவில் 1999 ஆம் ஆண்டு ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். 2013 ஆம் ஆண்டு பைலின் சூறாவளி அதே கரையைத் தாக்கியபோது இறந்தோர் தொகை சில பத்துகளோடு நின்றது. கணக்கு திருந்தியது ஒரு காரணம். எச்சரிக்கையை வீடு வீடாகக் கொண்டு சென்ற தொண்டர்களும், மக்கள் ஓடிச்சென்று ஏறி நிற்க உயரமான புகலிடக் கட்டடங்களும் இருந்தது மறு காரணம். பைலின் வேளையில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் முன்கூட்டியே இடம்பெயர்க்கப்பட்டனர். அந்த எண்ணுக்கு மதிப்பு கிடைத்தது, ஓடிச்செல்ல ஓர் இடமும் இருந்ததால்.

இனி நம் ஊவாவுக்குத் திரும்புவோம். கிழக்குக் கரையில் கடல் உயரும் அதே நாளில் புயலின் ஈரக்காற்று நமது மலைகளில் மோதி மழையாகக் கொட்டுகிறது. கரையில் கணக்கிட வேண்டியது கடல் மட்டத்தை. மலையில் கணக்கிட வேண்டியது மண்ணுக்குள் ஊறும் நீரை. வியப்பு என்னவெனில், பின்னதற்கும் ரிச்சர்ட்சனே முன்னோடி. ஈரமண்ணுக்குள் நீர் நகர்வதை விவரிக்கும் சமன்பாட்டை அவர் அதே 1922 ஆம் ஆண்டு நூலில் எழுதியிருந்தார். 1931 ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் ரிச்சர்ட்ஸ் அதனைத் தனியாகக் கண்டறிந்தார். மழை நீர் சரிவுக்குள் இறங்கி மண்ணைத் தளர்த்துவதைக் கணக்கிடும் ஆய்வாளர்கள் இன்று பயன்படுத்துவது அந்தச் சமன்பாட்டையே. கரிச்சேற்று நிலத்தில் கான் வெட்டக் கணக்குப் பார்த்த இளைஞரின் அறிவு, இவ்வாறு நம் தேயிலை மலைக்கும் வந்து சேர்ந்தது.

இலங்கையில் மண்சரிவு அபாய வரைபடத் திட்டம் 1990 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டபோது முதலில் தெரிவானவை பதுளை, நுவரெலியா மாவட்டங்களே. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இன்று மழையளவைக் கொண்டு எச்சரிக்கை விடுக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறிவிட வேண்டும். எளிய எண்கள். தோட்டத்து மழைமானியைப் பார்க்கத் தெரிந்த எந்தக் கணக்கப்பிள்ளையும் படித்துச் சொல்லக்கூடிய எண்கள்.

ஆயினும் 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லந்தை, மீரியபெத்தை தோட்டத்தில் என்ன நடந்தது? லயன் குடியிருப்புகள் அப்படியே மண்ணுக்குள் புதைந்தன. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் அபாயமானது என 2005 ஆம் ஆண்டிலும் 2011 ஆம் ஆண்டிலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அறிவு அங்கே தோற்கவில்லை. வெளியேறுங்கள் என்று சொல்லப்பட்ட மக்களுக்கு, எங்கே போவது என்று சொல்லப்படவில்லை. லயத்தில் வாழ்பவனுக்கு அந்த லயமும் சொந்தமில்லை, அதற்கு அப்பால் ஒரு பேர்ச் நிலமும் இல்லை. வேலைக்கு வராவிட்டால் அன்றைய பெயர் விழாது. ஆடுமாட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் விட்டுவிட்டு, எத்தனை நாள் பாடசாலை மண்டபத்தில் படுத்திருப்பது? எச்சரிக்கையை அவன் அலட்சியம் செய்தான் எனக் கூறுவது எளிது. அவனிடம் இருந்த தெரிவுகளை எண்ணிப் பார்த்தவர்கள் அப்படிக் கூறத் துணியார்.

டித்வா வேளையில் இன்னொரு குறையும் வெளிப்பட்டது. எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. பலகோடி கூட்டல் பெருக்கல்களைச் செய்து முடித்த அறிவு, கடைசியில் ஒரு மொழிபெயர்ப்பில் தடுக்கி விழுவது பெரும் அவலம். பதுளை நகரத்து முஸ்லிம் வர்த்தகருக்கும் லுணுகலையில் கொழுந்து பறிக்கும் தாய்க்கும் ஒரே மொழியில்தான் உயிர்காக்கும் செய்தி சென்று சேர வேண்டும். அதனை ஒரு சலுகையாகக் கருதுவது தவறு. அது எதிர்வுகூறலின் கடைசிக் கட்டமாகும்.

ரிச்சர்ட்சனின் வாழ்விலிருந்து நாம் பெறக்கூடிய பாடங்கள் இரண்டு. முதலாவது, பிழையை ஒளிக்காமை. எச்சரிக்கை எப்போது விடுக்கப்பட்டது, எந்த மொழியில் சென்றது, எத்தனை குடும்பங்கள் வெளியேறின, வெளியேறாதவர்கள் ஏன் வெளியேறவில்லை என்ற கணக்கைப் பொறுப்பானவர்கள் ஒவ்வொரு மழைக்காலத்தின் பின்னும் ஒளிவின்றி வெளியிட வேண்டும். தமது 145 மில்லிபாரை அவர் அச்சிட்டதாலேயே பின்வந்தோர் அதைத் திருத்தினர். நமது பிழைகளும் அச்சிடப்பட்டாலன்றித் திருந்தா. இரண்டாவது, அறிவு யாருக்காக என்ற தெளிவு. அவர் தமது கணக்கு உயிரைக் காக்க வேண்டும் என விரும்பினார். அது வேறு திசையில் செல்லும் எனக் கண்டபோது பதவியையே விட்டார். எச்சரிக்கை விடுத்ததோடு கடமை முடிந்தது எனக் கொள்ளும் எந்த நிருவாகமும் இந்த அளவுகோலில் தேறாது.

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது நம் முதியோர் வாக்கு. அபாய வரைபடத்தில் சிவப்பாகக் குறிக்கப்பட்ட ஒவ்வொரு லயத்துக்கும் பாதுகாப்பான நிலத்தில் உறுதிப்பத்திரத்தோடு கூடிய வீடு கட்டப்பட வேண்டும். அது நிறைவேறும் வரை, ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் மழை ஓயும் மட்டும் குடும்பத்தோடு தங்கத்தக்க ஒரு கட்டடமும், வெளியேறிய நாட்களுக்கு வேதனமும் உறுதிசெய்யப்பட வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு முன் வைக்கோற் குவியலின் மேல் தொடங்கிய கணக்கு நம் மலையடிவாரம் வரை வந்து சேர்ந்துவிட்டது. அடுத்த கார்த்திகைக்கு முன், அதற்குரிய நிலத்தையும் வீட்டையும் வழங்க வேண்டியவர்கள் வழங்கட்டும்.